மறுபடி மறுபடி வாய் கோணினால்

வணக்கம் நேயர்களே. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கம் யாருக்காவது முகவாதம் வந்தால் முதலில் பழி விழுவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் மேல்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன், காலையில் வாய் கோணிப்போச்சு என்பார்கள். காற்றை விடுங்கள். முகத்தை அசைக்கும் நரம்பு காதை ஒட்டிய எலும்பில் ஒரு குறுகலான பாதை வழியாக வருகிறது. அது வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்கிவிடும், அந்தப் பக்கம் நெற்றிகூடச் சுருங்காது. நெற்றி சுருங்கி, வாய் மட்டும் கோணி, கையோ காலோ தளர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

முகவாதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

நான் இன்று பேச வந்தது இரண்டாவது, மூன்றாவது தடவை முகவாதம் வருகிறவர்களைப் பற்றி. மாடு விற்றாவது ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறி வளரக்கூடிய மூலச் செல், அதை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள், எனக்கு மனசு பதறுகிறது. எலிகளில் நரம்பை வெட்டி ஸ்டெம் செல் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் நரம்பு மேலும் நன்றாக வளர்ந்தது உண்மைதான். ஆனால் அது வெட்டுப்பட்ட நரம்பு. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு நரம்பு அறுந்துபோகவில்லை, ஏதோ ஒன்று அதை மறுபடியும் வீங்க வைக்கிறது அல்லது அழுத்துகிறது, அது அப்படியே இருக்கும்போது புது செல்லை ஊற்றி என்ன பயன்? மனிதர்களுக்கு இதில் நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றம் தவிர மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும் என்கிறது. ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் அரசுப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் (CTRI) பதிவு எண்ணைக் கேளுங்கள், பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

அந்தக் காசில் முதலில் காரணத்தைத் தேடலாம். அதே பக்கமே திரும்ப வந்தால் கட்டி எதுவும் அழுத்துகிறதா என்று எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். உதடு அடிக்கடி வீங்குகிறதா, நாக்கில் ஆழமான வெடிப்புக் கோடுகள் இருக்கின்றனவா என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மெல்கர்சன்-ரோசென்தால் என்ற நோய் இப்படித்தான் தலைகாட்டும். காதில் கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அது அக்கி வைரஸாக இருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டோடு வைரஸ் மருந்தும் சேர்த்து வேண்டும்.

அப்புறம் கண். இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும், பார்வையே போகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டிப் படுப்பது. கன்னத்தில் கரண்ட் வைப்பதைவிட, கண்ணாடி முன் உட்கார்ந்து மெதுவாகச் செய்யும் பயிற்சி நல்லது. நரம்பு வளர்வதே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான், அவசரப்படாதீர்கள். மூன்று மாதமாகியும் அசைவே இல்லையென்றால் நரம்பு மாற்று அறுவைக்கு வழி இருக்கிறது, ஆனால் தசை சுருங்கிப்போவதற்குள் நிபுணரிடம் போய்விட வேண்டும்.