சாவி எப்போது கைக்கு வரும்?

வணக்கம் நேயர்களே. பக்கவாதம் வந்து தேறி வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும் பலரும் கேட்பது, “நான் எப்போது வண்டி ஓட்டலாம்?” கேட்கும்போதே விரல்களை மடக்கி நீட்டிக் காட்டுவார்கள். பிடி திரும்பிவிட்டதாம்.

பிடியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. ஒரு கையால் திருப்ப ஸ்டீயரிங்கில் குமிழ் பொருத்தலாம். ஆட்டோமேட்டிக் கியர் இருக்கிறது. வலது கால் ஒத்துழைக்காவிட்டால் ஆக்ஸிலரேட்டரை இடது காலுக்கு மாற்றலாம், பழகத்தான் நாளாகும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் ஏறாது. கண்ணில் கோளாறு இருக்காது, கண்ணாடி மாற்றியும் பயனில்லை. காகிதத்தில் நீளமாக ஒரு கோடு போட்டு, நடுவில் புள்ளி வையுங்கள் என்பேன். புள்ளி வலப்பக்கம் தள்ளிப் போய் விழும். “சரியாக இருக்கிறதா?” என்றால் “இருக்கிறதே” என்பார்கள். பொய்யில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. இடப்பக்கத்திலிருந்து சைக்கிள் வந்தாலும் இதே கதிதான்.

அதனால் வீட்டில் ஒருவரையும் கூட்டி வரச் சொல்வேன். தட்டின் இடது பாதியில் சாப்பாடு அப்படியே கிடக்கிறதா? கதவு நிலையில் தோள் இடிக்கிறதா? ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் செய்கிறாரா? மனைவியோ மகனோ சொல்லும் இந்தச் சாட்சிக்கு என்னிடம் மதிப்பு அதிகம். வீட்டில் சண்டை வரும், தெரியும்.

காத்திருக்கும் காலம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் காருக்குக் குறைந்தது 1 மாதம், லாரி, பேருந்துக்கு 1 வருடம். வலிப்பு வந்திருந்தால் கணக்கே வேறு. மருத்துவரிடம் கேளுங்கள், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பயிற்றுநர் பக்கமும் பிரேக் உள்ள வண்டியில் ஓட்டிக் காட்டுவது நல்லது. கொஞ்ச தூரம் அருமையாக ஓட்டுவார்கள். பிறகு அசதி வரும், தூக்கம் போன்றதில்லை அது, மூளையே களைத்துப்போவது. கவனம் அப்போதுதான் நழுவும்.

அனுமதி கிடைத்த பிறகும் முதல் சில வாரங்கள் பழகிய சாலை, பகல் வெளிச்சம், குறைந்த தூரம் போதும். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுக்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது மூளைக்கு இன்னும் கடினம். வானொலியையும் அணைத்துவிடுங்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறேன், நிலையத்தார் மன்னிக்க வேண்டும்.