வீட்டிலேயே முடிந்த முதல் வருஷம்

நேயர்களுக்கு வணக்கம். கொரோனாக் காலத்தில், 2020இல் கல்லூரியில் சேர்ந்து முதல் வருஷத்தைப் பெரும்பாலும் வீட்டிலேயே படித்து முடித்தவர்களில் நானும் ஒருத்தி. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் ஊர், படித்தது சேலத்தில் பி.எஸ்ஸி. வேதியியல். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் சிக்னல் கிடைத்ததா என்றுதான் கேட்கிறார்கள், சரி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிடைக்காது. ரோட்டு வளைவு வரை ஏறிப் போனால் கொஞ்சம் வரும், மழையோ பனிமூட்டமோ கரண்ட் கட்டோ என்றால் அதுவும் போச்சு. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டாவை இலவசமாகத் தருவதாக அரசு அறிவித்தது, டவுனில் இருந்த தோழிகளுக்கு நல்ல உதவி, டவர் எட்டாத எங்கள் ஊரில் அதை வைத்து என்ன செய்வது? பாடத்தை வாட்ஸ்அப்பில் ஆடியோவாகப் பேசி அனுப்பிய ஆசிரியர்கள்தான் எங்களைக் கரை சேர்த்தார்கள். சிக்னல் வருகிற நேரத்தில் அது இறங்கிவிடும், ராத்திரி கேட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டோம். சமாளிக்கவே முடியாமல் இருந்தது நேரம்.

வகுப்பு தொடங்கியது நவம்பர்வாக்கில், எங்கள் மலையில் காப்பிப் பழம் பறிக்கிற சீசன். அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள், அப்புறம் வீட்டில் இருக்கிற பெண்தானே எல்லாம் பார்க்க வேண்டும், சமையல், தண்ணீர், ஆடு, அதே போனில் தம்பிக்கு வருகிற பள்ளிக்கூடப் பாடம் வரைக்கும். "வீட்லதானே இருக்கே" என்பார்கள். பஸ் ஏறிச் சேலத்துக்குப் போயிருந்தால் யாரும் என்னிடம் சொல்லியிருக்க முடியாத வேலைகள் அத்தனையும் என் தலையில் வந்தன, அம்மா அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கூலி வராவிட்டால் வீடு ஓடாது. பையன்களுக்கு வேறு மாதிரி. எங்கள் வகுப்பில் சிலர் வெள்ளிப்பட்டறைக்கும் தறிக்கும் போனார்கள், கையில் காசு பார்த்த பிறகு திரும்பி வராமலே போனவர்கள் உண்டு, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரு போன். எங்கள் துறை ஆசிரியை ஒருவர் அம்மாவிடமே பேசி, காலையில் இந்த மணியிலிருந்து இந்த மணி வரை உங்கள் மகள் கல்லூரியில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். காலையில் போவதற்கு முன்பே பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டுப் போவார், "அவ காலேஜ் போயிருக்கா, மதியம்தான் வருவா" என்று. நான் உள்ளேதான் உட்கார்ந்திருப்பேன், அது அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள். மாணவி என்று ஊர் என்னை முதன்முதலாக மதித்தது அப்போதுதான்.

பிப்ரவரியில் கல்லூரி திறந்து நாங்கள் பியூரெட்டை, அதாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற கண்ணாடிக் குழாயை, கையில் பிடிப்பதற்குள் மார்ச்சில் மறுபடி மூடிவிட்டார்கள், அந்த வருஷம் வீட்டிலேயே முடிந்தது. ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதன் அளவைக் கண்டுபிடிக்கிற டைட்ரேஷன், வீடியோவில் எத்தனை முறை பார்த்தாலும் வராது. ஒரு சொட்டு விழுந்து குடுவையைச் சுழற்றும்போது அந்த லேசான ரோஜா நிறம் நிற்கிறதா, மறைகிறதா என்று பார்த்து நிறுத்துவது கைப்பழக்கம். செப்டம்பரில் திரும்பப் போனபோது விட்டுப்போன சோதனைகளைச் சனிக்கிழமைகளில் மறுபடி செய்ய வைத்தார்கள், அந்த ஆசிரியர்களை நான் மறக்க மாட்டேன்.

இன்றைக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ, மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்திலோ வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கல்யாணமான பிறகு படிக்கிற அக்காக்களும் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற வீட்டாரிடம் எனக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும், படிக்கிறவர்களுடைய டைம்டேபிளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அடுப்பை வேறு யாராவது பார்க்கட்டும், அண்ணன் தம்பி இருந்தால் அவர்களே பார்க்கட்டும், உலை வைக்க அவர்களாலும் முடியும்.

நன்றி, வணக்கம்.