மைக்கின் முன்னால் ஒரு பேஸ் ஆம்ப்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டின் ஓர் அறையிலேயே பாட்டுப் பதிவு செய்துகொள்ளும் பழக்கம் இன்று நம்மிடையே வேரூன்றிவிட்டது. கணினியும், ஒலியை அதற்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸும், ஒரு மைக்கும் ஒரு ஹெட்போனும் இருந்தால் தொடங்கிவிடலாம். இவ்வாறு பதிவு செய்பவர்களில் பேஸ் கிட்டார் வாசிப்போர், அதிகச் செலவில்லாமல் ஓர் ஆம்ப்ளிஃபையர் வாங்கி, அதன் முன் மைக் வைத்துப் பதிய விரும்பினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். வாசிப்பவர்கள் எல்லோரும் ஆம்ப் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தப் பாடத்தை நான் காசைக் கரைத்துத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் வாடகை வீடொன்றின் மாடியில் குடியிருந்தபோது, கச்சேரி மேடைகளில் உழைத்து ஓய்ந்த ஒரு பழைய ஆம்பை, பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் நூறு வாட்டுக்கு மேல் சக்தியும் கொண்டது என்ற ஒரே பெருமைக்காக வாங்கி, நானும் நண்பர் ஒருவருமாகப் படியேற்றிக் கொண்டுசேர்த்தோம். ஆம்ப் பெரிதானால் பதிவாகும் ஒலியும் பெரிதாகும் என்பது என் கணக்கு. அறையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒலியளவுக் குமிழை ஒன்றுக்கு மேல் நகர்த்தினால் பீரோவின் கதவு அதிர்ந்தது; சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்களும் கூடவே வாசித்தன. சரியென்று ஒன்றிலேயே வைத்துப் பதிந்து கேட்டபோது, இரண்டாவது தடித்த கம்பியான ஏ கம்பியை விரல் வைக்காமல் மீட்டிய சுரம் மட்டும் அறையையே நிரப்பி முழங்க, அதே அழுத்தத்தில் மீட்டிய வேறு சில சுரங்கள் சோர்ந்து ஒலித்தன. விற்றவரை மனத்துக்குள் ஏசினேன். குற்றம் அவருடையதும் அன்று, ஆம்பினுடையதும் அன்று.

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியான ஈ, நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். அந்த அலை முழுதாக விரிய நம் படுக்கையறையில் இடமில்லை. சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும்போது, அறையின் அளவுக்குப் பொருந்தும் சில அதிர்வெண்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பெருத்துவிடுகின்றன. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே அவ்வாறு பெருக்கும் முதல் அதிர்வெண் நொடிக்கு 56, 57 அதிர்வு, அதாவது 56, 57 ஹெர்ட்ஸ் அளவில் வரும். ஏ கம்பியின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். என் அறை ஏ கம்பிக்கு மட்டும் பக்கவாத்தியம் வாசித்த இரகசியம் இதுதான். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் அந்த அடி ஒலியைத் தாராளமாக எழுப்பிக் கொடுத்து, அறையின் குறையை ஊருக்கே அறிவித்தது.

இத்துடன் நம் காதின் குறையும் சேர்ந்துகொள்கிறது. 1933-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, ஒலி மெதுவாக இருக்கும்போது மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை நடுத்தர ஒலிகளைவிட மிகக் குறைவாகவே உணர்கிறது என்று காட்டியது. வீட்டில் அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து ஆம்பை மெதுவாக வைக்கிறோம். அடி ஒலி போதவில்லை என்று தோன்ற, பேஸ் குமிழை வலப்பக்கம் திருப்புகிறோம். மைக்குக்கு அந்தக் காதுக்குறை கிடையாது. அது திருப்பியதை எல்லாம் திருப்பியபடியே வாங்கிக்கொள்ளும். மறுநாள் கேட்கும்போது பதிவு சேறாகக் கலங்கியிருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆம்பிடமிருந்து மைக் வாங்கிக்கொள்ள வேண்டியது ஆழ்ந்த அடி ஒலியை அன்று. கம்பியின் உறுமலையும், விரல் பட்டு விலகும் ஓசையையும், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அவற்றுக்குத் தரும் கரகரப்பையும்தான். அடி ஒலியை மைக்கே இல்லாமல், கிட்டாரிலிருந்து நேராகக் கேபிள் வழியே இன்டர்ஃபேஸுக்குள் எடுத்துக்கொள்ளலாம். அறை அதைக் கெடுக்க வழியே இல்லை. இரண்டையும் ஒரே வாசிப்பில், தனித்தனித் தடங்களில் பதிந்து பிறகு கலப்பது பதிவுக்கூடங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுக்கூடம் ஒரு வீட்டின் பின்புறக் கார் கொட்டகையை மாற்றியமைத்த இடம்தான். அங்கே பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960-களில் வாசித்த பேஸ் பெரும்பாலும் ஆம்பைத் தொடாமல் நேராகக் கலவை மேசைக்குள் சென்றது. மேடைக்கு அவர் ஆம்பெக் பி-15 வைத்திருந்தார். 1960-இல் வந்த அந்த ஆம்ப் முப்பது வாட்டையும் தாண்டாதது. ஆயினும் பேஸ் பதிவுக்கு என்று சொன்னால் பழையவர்கள் முதலில் நினைப்பது அதைத்தான்.

வாட்டைப் பற்றிய மயக்கத்தை இந்த இடத்தில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சக்தி இரண்டு மடங்கானால் ஒலியின் அளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சற்றே கூடியதாகத் தோன்றுமே தவிர இரண்டு மடங்காகத் தோன்றாது. மேடையில் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க வேண்டியவர்களுக்கு நூறும் முந்நூறும் தேவை. மைக்கை ஸ்பீக்கருக்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துப் பதிபவருக்கு இருபத்தைந்து, நாற்பது வாட்டே மிகை. மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரின் தரத்திலும் பெட்டியின் உறுதியிலும் போடுங்கள்.

ஸ்பீக்கர் எத்தனை அங்குலம் என்பது வாட்டைவிட முக்கியமான கேள்வி. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்ததைக் காம்போ என்பார்கள். எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட சிறிய காம்போக்கள் விலை குறைந்தவை, ஒரு கையால் தூக்கலாம். ஆனால் அவற்றின் பெட்டி சிறியதாக இருப்பதால் நடு ஒலியில் ஒரு மூக்கடைப்புத் தன்மை வந்துவிடுவதுண்டு. பத்து அல்லது பன்னிரண்டு அங்குலத்தில் அந்தக் குறை வெகுவாக நீங்குகிறது. ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸை இவையும் முழுமையாக எழுப்பமாட்டா, கவலை வேண்டாம். அக்கம்பி 82, 123, 164 என்று மேல்மடங்குகளிலும் ஒலிக்கிறது. அவை சரியாகக் கேட்டால், கீழே விடுபட்ட சுரத்தை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். கைபேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரில்கூட இளையராஜாவின் பேஸ் வரிசைகளை நாம் பின்தொடர முடிவது இதனால்தான்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். ஃபெண்டர் ரம்பிள் வரிசையில் 25 என்ற எண்ணுள்ளது எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்டது. அடுத்ததான 40, பத்து அங்குல ஸ்பீக்கரோடு, பின்புறம் இன்டர்ஃபேஸுக்கு நேராகக் கேபிள் செருகும் துளையான எக்ஸ்எல்ஆர் லைன் அவுட்டும் கொண்டது. அந்த ஒரு துளைக்காகவே கூடுதல் விலையைக் கொடுக்கலாம் என்பேன். ஆம்பெக்கின் ராக்கெட் பேஸ் வரிசையில் 110, பத்து அங்குலமும் ஐம்பது வாட்டும். அதிலும் எக்ஸ்எல்ஆர் உண்டு. ஆரஞ்சு நிறுவனத்தின் க்ரஷ் பேஸ் 50 பன்னிரண்டு அங்குலம். இவற்றுள் எது சிறந்தது என்று வானொலியில் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

கடைக்குப் போனதும் பெரும்பாலானோர் தமக்குத் தெரிந்த வேகமான வரிசை ஒன்றைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்கள். அதனால் கடைக்காரருக்கு மகிழ்ச்சி, நமக்குப் பயனில்லை. டோன் குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். ஒலியளவை நீங்கள் வீட்டில் எவ்வளவு வைப்பீர்களோ அவ்வளவே வையுங்கள். கம்பியைத் தொடாமல், தரையில் அமர்ந்து, காதை ஸ்பீக்கரின் அருகே கொண்டுபோய் ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். உஸ்ஸென்ற இரைச்சல் இருந்தால் மைக்கும் அதைக் கேட்கும். மேல் ஒலிக்கென்று தனியாக ட்வீட்டர் உள்ள ஆம்பாக இருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள், பாதி இரைச்சல் போய்விடக்கூடும். உள்ளே குளிர்விக்கும் மின்விசிறி சுழலும் ஆம்பானால் அதன் ஓசையையும் கணக்கில் சேருங்கள். பிறகு ஈ கம்பியில் முதல் கட்டையிலிருந்து பன்னிரண்டாம் கட்டை வரை, ஒவ்வொரு சுரத்தையும் நான்கு எண்ணிக்கை நிற்கவிட்டு மெதுவாக ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் பெட்டியின் திருகோ முன்வலையோ கிறீச்சிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். பழைய ஆம்ப் வாங்குபவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

வீட்டுக்கு வந்தபின் முதலில் முளைக்கும் தொல்லை மின்சார உறுமல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஈ கம்பியின் மூன்றாம் கட்டையில் உள்ள ஜி சுரத்தின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், உறுமலை வடிகட்ட முயன்றால் சுரமும் சேர்ந்தே வெட்டுப்படும். அது உள்ளே வராமல் தடுப்பதே ஒரே வழி. மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனை உண்மையிலேயே எர்த்துடன் இணைந்துள்ளதா என்று மின்பணியாளரை அழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் துளை இருக்கும், கம்பி இராது. உறுமலைக் குறைக்க எர்த் முனையைத் துண்டிக்கும் குறுக்குவழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கம்பியில் கை வைத்து நிற்பவர் நீங்கள், உயிருக்கே ஆபத்து. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகையாக உள்ள கிட்டாரானால், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடுவேகத்தில் இருக்கும்போது ஜிர்ரென்ற ஓசையைக் கொண்டுவந்து சேர்க்கும். விசிறியை அணைத்துவிட்டு வாசியுங்கள். சித்திரை மாதத்தில் அது எளிதன்று என்பதை நானும் அறிவேன்.

மைக்குக்கு வருவோம். பாட்டுப் பதியவென்று வைத்திருக்கும் மைக்கே தொடக்கத்துக்குப் போதும். 1965-இல் வந்து இன்றும் எங்கும் காணப்படும் ஷூர் எஸ்எம்57, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகத் தளர்வது. ஆனால் ஸ்பீக்கருக்கு மிக அருகில் வைத்தால், அருகாமையால் அடி ஒலி பெருக்கும் இயல்பு அதன் வகை மைக்குகளுக்கு உண்டு என்பதால், இழந்ததில் ஒரு பகுதி திரும்பிவிடும். நாம் ஆம்பிடம் நடு ஒலியையே கேட்பதால் இந்தக் குறை நமக்கு உதவியாகவே அமைகிறது. நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்கள் ஓரடி தள்ளி வைத்துப் பார்க்கலாம். தெருவில் போகும் காய்கறி வண்டிக்காரரின் குரலும் பதிவாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

மைக் எங்கே நோக்குகிறது என்பதில் இரண்டு விரல் இடம் ஓர் ஆம்பையே மாற்றிவிடும். முன்வலை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பீக்கரின் நடுவே சிறு குமிழ்போல் ஒரு மூடி தெரியும். மைக் அதை நேராக நோக்கினால் விரல் நகத்தின் ஓசைகூட விழும். மூடியும் கூம்பும் சேரும் விளிம்பை நோக்கினால் ஒலி உருண்டு வரும். கூம்பின் வெளியோரத்தை நோக்கினால் மங்கிப் பின்வாங்கும். நண்பர் ஒருவரை ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஹெட்போன் அணிந்து மைக்கை விளிம்பிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். ஏதோ ஓரிடத்தில் உங்கள் கையே நிற்கும்.

இரண்டு தடங்களையும் கலக்கும்போது ஒலி திடீரென மெலிந்துபோவதைக் கண்டு பலர் ஆம்பையே விற்றுவிட எண்ணியிருக்கிறார்கள். முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்த மைக்குக்கு ஒலி, கேபிள் வழி நேராக வந்ததைவிட ஏறத்தாழ 0.9 மில்லிநொடி தாமதமாகச் சேர்கிறது. ஓர் அலை ஏறும்போது மற்றது இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். திரையில் இரு தடங்களையும் பெரிதாக்கி, முதல் மேட்டுக்கு நேரே முதல் மேடு வருமாறு மைக் தடத்தை இடப்பக்கம் இழுத்துவிடுங்கள். அப்போதும் மெலிந்திருந்தால் ஒரு தடத்தின் அலையைத் தலைகீழாக்கும், அதாவது துருவத்தைத் திருப்பும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பின்னர் மைக் தடத்தில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டி, அடி ஒலி முழுவதையும் நேரடித் தடத்திடம் விட்டுவிடலாம்.

என் பதினைந்து அங்குல ஆம்ப் ஒரு கச்சேரிக் குழுவினரிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே அது நன்றாகவே உழைப்பதாகக் கேள்வி. இப்போது என் அறையில் இருப்பது பத்து அங்குலக் காம்போ ஒன்று. தரை வழியே கீழ்வீட்டுக்கு அதிர்வு இறங்காதிருக்க, அதை மடித்த கயிற்றுப்பாய்மேல் ஒரு மர முக்காலியில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஒலியளவுக் குமிழ் மூன்றில் நிற்கிறது. டம்ளர்கள் மட்டும் இன்னும் சமையலறை அலமாரியில்தான் இருக்கின்றன.

வணக்கம்.