கருந்துளையை நெருங்கும் கப்பல்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் தமிழில் அறிவியல் புனைகதை எழுதும் இளைஞர்கள் சிலர் தங்கள் கதைகளை என்னிடம் படிக்கத் தருகிறார்கள். ஆசையோடு படிக்கிறேன். ஆனால் ஒரு காட்சி மட்டும் மாறாமல் வருகிறது. விண்கலம் கருந்துளையை நெருங்கும். கேப்டன் இருக்கையோடு இருக்கையாக நசுங்குவார்.

அப்படி நசுங்க வேண்டுமானால் இருக்கை அவரைத் தள்ள வேண்டும். இந்த ஊரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையத்தில் போர் விமானிகளைச் சுழற்றிப் பழக்கும் இயந்திரம் இருக்கிறது. நீண்ட கையின் நுனியில் ஒரு கூண்டு, அதற்குள் விமானி. வேகம் ஏற ஏற ரத்தம் காலுக்கு இறங்கும். முதலில் நிறங்கள் வெளிறும், பிறகு பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும், அதையும் தாண்டினால் நினைவு தப்பிவிடும். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடையும் மூச்சுப் பயிற்சியும் இருந்தால் 9 மடங்கு எடை வரை சிறிது நேரம் சமாளிக்கலாம்.

எஞ்சினை அணைத்துவிட்டு விழும் கலத்தில் இந்தத் தள்ளல் கிடையாது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் பூமியின் ஈர்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. ஆனாலும் அங்கே எல்லோரும் மிதக்கிறார்கள், ஏனென்றால் நிலையமும் அவர்களோடு சேர்ந்து விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

ஆளைக் கொல்வது ஓத விசை, அதாவது உடலின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள இழுப்பின் வித்தியாசம். கடலைப் பொங்க வைக்கும் அதே விசைதான். சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையுள்ள நியூட்ரான் விண்மீனை (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த உருண்டை) நோக்கிக் கால் முன்னதாக விழுகிறீர்கள் என்று வையுங்கள். 4,000 கிலோமீட்டர் தொலைவில் உச்சந்தலைக்கும் பாதத்துக்கும் உள்ள இழுப்பின் வித்தியாசம் பூமியின் ஈர்ப்பு அளவுக்கு வந்துவிடும். 100 கிலோமீட்டரில் அது 60,000 மடங்கைத் தாண்டும். உடல் அதற்கு வெகுமுன்பே கிழிந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிமேல்தான். நம் பால்வெளியின் மையத்தில் உள்ள கருந்துளை சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. அதன் நிகழ்வெல்லையில், அதாவது கடந்தால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லையில், இதே வித்தியாசம் பூமி ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்! கருந்துளை பெரிதாகப் பெரிதாக அதன் வாசல் சாதுவாகிவிடுகிறது. கேப்டன் எதுவும் உணராமல் எல்லையைக் கடப்பார். திரும்ப வழியில்லை. உள்ளே அவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஒரு நிமிடம் சொச்சம். உடல் வலிப்பது கடைசி நொடியில்தான். எலும்பு நொறுங்கும் சத்தத்தைவிட இது எவ்வளவு பெரிய கதை! அந்த நிமிடத்தை யாராவது தமிழில் எழுதுங்கள். எழுதும் முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தொலைவு பாதியானால் ஓத விசை எட்டு மடங்காகும்.