"உன் பேர் என்ன?" என்று கேட்ட ராத்திரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முடிந்தால் வேதாகமத்தை எடுத்து ஆதியாகமம் 27-ம் அதிகாரத்தையும் 32-ம் அதிகாரத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு இரண்டையும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன்.

27-ல் ஈசாக்குக்குக் கண் தெரியவில்லை. இளைய மகன் யாக்கோபு, அண்ணன் ஏசாவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவனைப் போல ரோமம் இருப்பதாகத் தெரிய கையிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு, அம்மா சமைத்த கறியோடு போய் நிற்கிறான். நீ யார் மகனே என்று அப்பா கேட்கிறார். நான்தான் ஏசா, உங்கள் மூத்த பிள்ளை என்கிறான். அண்ணனுக்குச் சேர வேண்டிய ஆசீர்வாதம் இவனுக்குக் கிடைத்தது, ஆனால் ஏசா கொல்லப் பார்த்ததால் வாங்கிய கையோடு வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தது.

அப்புறம் 20 வருஷம் மாமன் லாபானிடம் வேலை. 32-ல் திரும்பி வரும்போது ஆடு, மாடு, ஒட்டகம், 11 பையன்கள், நாம் சாட்சி சொல்லும்போது ஆசீர்வாதம் என்று எதையெல்லாம் அடுக்குவோமோ அத்தனையும் அவனிடம் இருக்கிறது. ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று கேட்டதும் குலை நடுங்கிப் போகிறான். அன்று ராத்திரி யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை ஒருவர் அவனோடு போராடுகிறார், தொடைச்சந்து சுளுக்கிவிட்டது, அப்படியும் அவரைப் பிடித்துக்கொண்டு என்னை ஆசீர்வதிக்காமல் போக விடமாட்டேன் என்கிறான். அவன் அழுது கெஞ்சினான் என்று ஓசியா தீர்க்கதரிசி எழுதுகிறார். பலத்தைக் காட்டி வாங்கியது இல்லை அது.

அவர் கேட்கிறார், உன் பேர் என்ன?

ஆண்டவருக்குத் தெரியாத பேரா? இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அப்பாவிடம் மறைத்த பேரை இப்போது சொல்கிறான்: யாக்கோபு. தோலும் இல்லை, வேஷமும் இல்லை. அதற்கப்புறம்தான் இஸ்ரவேல் என்ற புதுப் பேரும் ஆசீர்வாதமும் வருகிறது. எபேசியர் 2:8-ல் கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்று பவுல் சொல்வது எனக்கு இங்கேதான் புரிந்தது.

நான் வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கான வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன். உபவாசம் தவறியதில்லை, ஆனால் என் தம்பியோடு மூன்று வருஷம் பேசவில்லை. ஒரு ராத்திரி முழங்காலில் நின்று, ஆண்டவரே, நான் அவன்மேல் பொறாமைப்படுகிறேன் என்று சொன்னேன். அன்றைக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது, அப்புறம் அப்படி ஒரு சமாதானம்.

33-ஐயும் படியுங்கள். ஏசா ஓடி வந்து கட்டிப் பிடித்து அழுகிறான். யாக்கோபு தரும் காணிக்கைக்கு எபிரெயத்தில் இருக்கிற வார்த்தை பெராகா, அதாவது ஆசீர்வாதம். அண்ணனிடமிருந்து பறித்தவன் இப்போது அண்ணன் கையில் கொடுக்கிறான்.

மறுநாள் காலையில் நான் தம்பிக்குப் போன் போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.