டார்க் சாக்லேட்: ரேப்பரைத் திருப்பிப் பாருங்கள்

[காட்சி: மேஜையில் ஒரு டார்க் சாக்லேட் பார். ஒரு கை ரேப்பரைப் பிரிக்கிறது.]

"இதயத்துக்கு நல்லதாம்" என்று சொல்லிக்கொண்டே முழு பாரையும் காலி செய்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். முதல் கை என்னுடையதுதான்.

அந்த நல்ல பெயர் உண்மையில் கோகோவுக்குச் சேர வேண்டியது. கோகோவில் ஃபிளாவனால் என்ற பொருள் இருக்கிறது. ரத்தக் குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உருவாக இது உதவும். அதனால் குழாய் கொஞ்சம் தளர்ந்து விரியும், ரத்தம் சுலபமாக ஓடும். இந்தப் பலனுக்குத் தினமும் 200 மில்லிகிராம் தேவை என்று 2012-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது.

அமெரிக்காவில் காஸ்மாஸ் என்றொரு பெரிய ஆய்வு நடந்தது. அறுபதைத் தாண்டிய 21,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் ஃபிளாவனால். 2022-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இதய நோயால் இறந்தவர்கள் மட்டும் 27 சதவீதம் குறைவு. ஆனால் ஒன்று, அவர்கள் விழுங்கியது மாத்திரை. சாக்லேட்டே இல்லை! ஆய்வுக்கு உதவியவர்களில் மார்ஸ் சாக்லேட் நிறுவனமும் உண்டு என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: ரேப்பரின் பின்பக்கம், பொருட்களின் பட்டியல் நெருக்கத்தில்.]

சரி, கடைக்குப் போவோம். முன்பக்கம் '70%' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது கோகோவின் பங்கு. கோகோவின் கொழுப்பான கோகோ வெண்ணெயும் அதில் அடக்கம். ஃபிளாவனால் எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. பின்பக்கம் திருப்புங்கள். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். சர்க்கரை முதலில் நின்றால் அது மிட்டாய். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் இருந்தால் பேசாமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கசப்பைக் குறைக்கக் கோகோவை 'ஆல்கலி' என்ற காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்துவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் வந்த முறை, 'டச்' கோகோ என்பார்கள். நிறம் நன்றாகக் கறுக்கும், ஃபிளாவனாலில் பெரும்பகுதி போய்விடும். ஆக, கறுப்பாக இருப்பதெல்லாம் சத்தானது இல்லை. பட்டியலில் 'ஆல்கலைஸ்டு' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

[காட்சி: பார் 'டக்' என்று உடைகிறது. இரண்டு துண்டுகள்.]

அளவு? 20 கிராம், இவ்வளவுதான். 70% சாக்லேட் என்றால் இதில் சர்க்கரை சுமார் ஒன்றரை டீஸ்பூன். சாப்பாட்டுக்குப் பிறகு லட்டுக்குப் பதிலாக இதைச் சாப்பிடுங்கள். லட்டோடு சேர்த்து வேண்டாம். கடிக்காமல் நாக்கில் வையுங்கள், உடம்புச் சூட்டிலேயே கரையும். முதலில் கசக்கும், அப்புறம் பழகிவிடும். ராத்திரி வேண்டாம், கொஞ்சம் காஃபீன் இருக்கிறது. சில டார்க் சாக்லேட்டுகளில் காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் இருப்பது தெரியவந்திருக்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தினமும் சாப்பிட வேண்டாம்.

மீதியை மடித்து மேல் அலமாரியில் வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் கட்டாயம் அங்கேதான். கோகோவில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம்.