அம்மாவின் ஓட்ஸ் கஞ்சியில் கொழகொழப்பு இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலை மணி ஏழு. பின்னால் உறுமுவது செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி; இதோ கடந்துவிடும்.

இன்று என் அம்மாவின் பசியாறலைக் காட்டப் போகிறேன். முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன மாதம் வரை, "ஓட்ஸ்தானே குடிக்கிறேன்" என்று பொட்டலத்தில் வரும் ஓட்ஸ் பானத்தைச் சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்து வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 13.4 மில்லிமோல். பொட்டலத்தைத் திருப்பினேன். முதலில் சர்க்கரை, அதற்குக் கீழேதான் ஓட்ஸ். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அடுப்பில் இருப்பது தடித்த ஓட்ஸ் அவல். கரண்டியைத் தூக்குகிறேன், பாருங்கள். நறுக்கிய வெண்டைக்காய் போல இழுபடுகிறது. ஓட்ஸில் உள்ள கரையும் நார்ச்சத்தான பீட்டா குளுக்கான் செய்யும் வேலை இது. வயிற்றுக்குள்ளும் இப்படியே கெட்டிப்பட்டு, உணவு குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது; குளுக்கோஸ் ரத்தத்தில் மெல்ல மெல்லச் சேர்கிறது. மெல்லியதாக நசுக்கிய உடனடி ஓட்ஸ் சீக்கிரம் செரித்து, சர்க்கரையையும் சீக்கிரம் ஏற்றிவிடும்.

ஆனால் ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவது மட்டுப்பட, 30 கிராம் மாவுச்சத்துக்கு 4 கிராம் பீட்டா குளுக்கான் தேவை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் சொன்னது. 40 கிராம் ஓட்ஸில் மாவுச்சத்து சுமார் 24 கிராம்; பீட்டா குளுக்கானோ ஒன்றரை கிராம் சொச்சம். 24 கிராமுக்கு 3.2 கிராம் வேண்டும், பாதிதான் தேறுகிறது! அதனால் அவலைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் ஓட்ஸ் தவிடு போடுகிறேன். தவிட்டில் இந்த நார்ச்சத்து கூடுதல். கூடவே ஓர் அவித்த முட்டை. டின் பால் கிடையவே கிடையாது.

முதல் வாரம் அம்மா முகத்தைச் சுளித்தார். கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், மிளகு தாளித்து உப்புக் கஞ்சியாகக் கொடுத்தேன், கிண்ணத்தை வழித்துவிட்டார். நேற்றைய அளவு 9.1.

தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் ஓட்ஸ் குடிப்பதில் பயனில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது. மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள்.

அம்மா சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஒன்பதேகாலுக்கு விரலைக் குத்த வேண்டும், கைத்தொலைபேசியில் மணி வைத்துவிட்டு வருகிறேன்.